‘ரீசெட்’ பறித்த வேலை

இருங்காட்டுக்கோட்டை என்பது கலப்பற்ற தமிழ்ப்பெயர். ‘இரு’ என்னும் உரிச்சொல் பெருமையையும் கருமையையும் உணர்த்தும். பெருங்காட்டிடை நின்ற கோட்டை எனினும், இருண்ட காட்டுக் கோட்டை எனினும், பெயரிட்டவன் தமிழன். இட்ட பெயர் தமிழ். இன்று அங்குக் காடும் இல்லை, கோட்டையும் இல்லை. 1996-இல் கால்கோள் செய்து 1998-இல் தன் முதல் மகிழுந்தை வெளியிட்ட தென்கொரிய ‘உண்டாய்’ ஆலை தொடங்கி, திருப்பெரும்புதூர், ஒரகடம் என விரிந்து கிடக்கும் அவ்வட்டாரம் முழுதும் தொழிலகங்களே. சாலையோர உணவகங்களின் பெயர்ப்பலகைகளில் கொரிய எழுத்தைக் காணலாம். அதனைக் கண்டு நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை. தாம் போகும் இடமெல்லாம் தம் மொழியைக் கையோடு கொண்டு போகும் இனத்தாரை நாம் ஏன் வெறுத்தல் வேண்டும்? நாம் வினவுவது வேறொன்று. அத்தொழிலகங்களுள் தமிழ் எழுத்து எங்கே இருக்கின்றது? ‘புகை பிடிக்காதீர்’ என்னும் பலகையில் இருக்கின்றது. கழிப்பிடக் கதவில் இருக்கின்றது. தொழில் நடக்கும் பணிமேடையின்மேல், தொழிலாளியின் கையிலுள்ள செய்முறைத் தாளில், அஃது இல்லை. இல்லாமையால் ஓர் இளைஞனின் பிழைப்புப் போயிற்று. அதனைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

அவன் என்னிடம் பத்தாம் வகுப்பு வரை தமிழ் பயின்றவன். தந்தையில்லாப் பிள்ளை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னணுவியல் தேறி, அவ்வட்டாரத்து ஆலையொன்றில் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஆலையின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று; எந்த ஆலையிலும் இது நடந்திருக்கும். அங்கே பொருத்துவரிசையில் 24 இருக்கைகள். ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சிறு பெட்டி. பெட்டியில் ஓர் அழுத்துகுமிழ். திருகாணியோ வேறு உறுப்போ தீரும் நிலையில் தொழிலாளி குமிழை அழுத்துவார். கம்பியின்றி வானலை வழியே செய்தி பண்டக அறைக்குப் போகும். அங்குள்ள நடுவண் பெட்டியில் அவ்விருக்கையின் எண் ஒளிரும். பொருள் வந்து சேரும். ஒவ்வொரு பெட்டியுள்ளும், தீப்பெட்டியினும் சிறிதாய், வானலையைச் செலுத்தவும் வாங்கவும் வல்ல மின்னணுக் கூறு ஒன்று இருக்கின்றது. ஆலையில் அதனை ‘ஆர்.எஃப். மாட்யூல்’ என்பர். நாம் அலைக்கூறு என்போம்.

ஓர் இரவு நடுவண் பெட்டி செயலற்று நின்றுவிட்டது. மேற்பார்வையர் வீட்டிலிருந்தவாறே தொலைப்பேசியில், “ரீசெட் பண்ணு” என்றார். அவ்வளவே. பையன் செய்முறைத் தாளை எடுத்தான். இரண்டு பக்கம், முழுதும் ஆங்கிலம். அதில் ‘ரீசெட்’ என்னும் சொல் மூன்றிடங்களில் இருந்தது. மூன்றும் மூன்று வேலை. அவன் மூன்றாவதைச் செய்தான். செய்தபின், தாள் சொன்னவாறே, செய்ததை நிலைப்படுத்தும் ஆணையையும் இட்டான். பெட்டியில் விளக்கு எரிந்தது. ஆயின் 24 இருக்கைகளில் எவர் குமிழை அழுத்தினும் அது கேட்கவில்லை. விடியும் வரை ஆட்கள் ஓடியோடிப் பொருள் சுமந்தனர்; வரிசை பலமுறை நின்றது. காலையில் ஒப்பந்தக்காரர் அவனை வாயிலோடு நிறுத்தி அனுப்பிவிட்டார்.

அன்று மாலை அவன் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, அத்தாளின் படியொன்றை என் கையில் தந்து, “ஐயா, வேலை போனது போகட்டும். நான் செய்த பிழை என்ன என்று மட்டும் தெரிந்தால் போதும்” என்றான்.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று நகைப்பார் நகைக்க. என் பழைய மாணவி ஒருவர் பல்தொழிற் பயிலகத்தில் மின்னணுவியல் கற்பிக்கின்றார். அவரை வரவழைத்தேன். சென்னை ரிச்சித் தெருவில் அலைக்கூறுகள் நான்கு வாங்கி வந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் மூவரும் அத்திண்ணையில் அமர்ந்து, தாளில் உள்ளதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். ஐம்பது அகவை கடந்த எனக்கு அதுவரை முகவரி என்றால் அஞ்சலட்டையில் எழுதுவது, அவ்வளவே.

என் இளமையில் அதனையும் ‘மேல்விலாசம்’ என்றே எழுதினோம். தனித்தமிழ் உணர்வினர் விடாது எழுதியும் பேசியும் வந்தமையாலன்றோ ‘முகவரி’ நிலைத்தது? நிலைத்த அச்சொல் இன்று அஞ்சலட்டையை விட்டு அலைக்கூற்றுக்குப் போக அணியமாய் நிற்கின்றது. போக விடாதவர் நாமே.

வெளி எல்லார்க்கும் பொது. ஒரு கூறு செலுத்தும் அலை, எட்டும் தொலைவிலுள்ள எல்லாக் கூறுகளின் மேலும் படும். தெருவில் நின்று ‘ஏய்’ என்று கூவினால் எல்லாரும் திரும்புவர். பெயர் சொல்லி விளித்தால் உரியவன் திரும்புவான். அதுவே முகவரியிடல். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளித்தலுக்கென்றே விளிமரபு என ஓரியல் வகுத்தார். எப்பெயர் எவ்வாறு விளியேற்கும், அவன் இவன் உவன் என்னும் சுட்டுப்பெயர் ஏன் விளியேலாது என்றெல்லாம் ஆராய்ந்த மொழிக்கு, ஒரு சில்லைப் பெயர் சொல்லி அழைக்கும் முறையைச் சொல்லத் தெரியாது என்பவனை என்னென்பது!

பேசவேண்டிய இரு கூறுகளுக்கிடையே நான்கு செய்தி ஒத்திருத்தல் வேண்டும். தான் யார் என்னும் தன்முகவரி. யாரை அழைக்கின்றது என்னும் சேர்முகவரி. எக்குழுவைச் சேர்ந்தது என்னும் குழுவெண். எவ்வலைவெண்ணில் பேசுகின்றது என்னும் தடவெண். ஒன்று பிறழ்ந்தாலும் ஊமை. ‘எக்சுபீ’ என்னும் அமெரிக்கக் கூற்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒருவகைக்கு இரு முகவரிகள் உண்டு. ஒன்று பிறவியிலேயே பொறிக்கப்பட்டது. ஒன்றும் சுழியுமாக 64 இடங்கொண்டது. உலகில் வேறெந்தக் கூற்றுக்கும் வாராதது. மற்றொன்று நாம் இடுவது, 16 இடங்கொண்டது. 16 இடங்களில் 65,536 முகவரிகள் அமையும். அவற்றுள் ஈற்றிலுள்ள 65,535 என்பதைச் சேர்முகவரியாக இட்டால் ‘எல்லீரும் கேண்மின்’ என்பது பொருள். கடையிலிருந்து வாங்கி வந்த புதுக்கூறு எதனை எடுப்பினும் நாமிடும் தன்முகவரி சுழி, சேர்முகவரியும் சுழி. ஆகவே புதியன இரண்டை வைத்து ஆய்ந்து பார்க்கும் பிள்ளை, உடனே பேசக் கண்டு மகிழ்வான். இருபத்தைந்தைக் கொண்டு வைத்தால்தான் குழப்பம் தெரியும்.

நார்வே நாட்டு ‘நோர்டிக்’ குழுமத்தின் அலைச்சில்லு ஒன்று நம் மாணவர் கைகளில் பெரிதும் புழங்குகின்றது. அதற்கு ஆறு செவிகள் எனலாம். முதற்செவியின் பிறவி முகவரி 231 என்னும் எண் ஐந்துமுறை அடுக்கியது. இரண்டாவதற்கு 194 ஐந்துமுறை. மூன்று முதல் ஆறு வரையுள்ள செவிகள் இரண்டாம் செவியோடு நான்கு எண்கள் பொதுவாகக் கொண்டு, ஓரெண்ணில் மட்டும் 195, 196, 197, 198 என வேறுபடும். ஒரு குடியிற் பிறந்த உடன்பிறந்தார்க்குத் தலைப்பெழுத்து ஒன்றாய்ப் பெயர் வேறாவது போன்றது இது. இவ்வுவமையைச் சொன்னதும் பையன் சிரித்தான். அதன்பின் அவனுக்கு அது மறக்கவில்லை. அச்சில்லைச் செய்தோர் ஓர் எச்சரிக்கையும் தருகின்றனர். சுழிகள் தொடர்ந்து வந்து, ஒரே ஒரு முறை மாறி, ஒன்றுகளாகவே முடியும் முகவரியை இடாதே. வெளியிலுள்ள வெற்றிரைச்சலே சிலபோது அவ்வடிவில் அமைந்து, யாரும் அழையாமலே அழைத்தது போலத் தோன்றும். ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும் முகவரியும் ஆகாது. செய்திக்கு முன்னே வரும் கட்டியக் குறியோடு அது மயங்கிவிடும். எத்துணை நுட்பமான செய்தி! இதனை அறியாது முகவரியிட்டவன், பொறி பேய்பிடித்தது போல் நடக்கின்றதென்று பூசைக்கு ஆள் தேடுவான். அறிந்துகொள்ள ஆங்கிலம் வேண்டுமா? நான் மேலே எழுதிய நான்கு வரிகளைப் பதின்மூன்று அகவைப் பிள்ளை ஒருவனிடம் படித்துக் காட்டினேன், விளங்கிக்கொண்டான்.

இனி, வேலையைப் பறித்த அச்சொல்லுக்கு வருவோம்.

‘ரீசெட்’ என்று ஆலையில் சொல்லப்படுவது ஒன்றன்று. முதலாவது, மயங்கி நின்ற கூற்றை நிறுத்தி மீண்டும் தொடங்குதல். மின்னோட்டத்தை அறுத்து இணைத்தும் செய்யலாம். அதற்கென அமைந்த காலின் மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் தாழ்த்தியும் செய்யலாம். ‘எக்சுபீ’க்கு அது நொடியை ஐம்பது இலக்கம் கூறிட்டால் அதில் ஒரு கூறு போதும், ‘லோரா’ என்னும் தொலைவலைச் சில்லொன்றுக்கு நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு தாழ்த்தி, பின்னர் ஆயிரத்தில் ஐந்து பங்கு காத்திருத்தல் வேண்டும். இவ்வாறு தொடங்கும்போது, நிலைநினைவு உடைய கூறு தன் முகவரியை மறப்பதில்லை. உறங்கி எழுந்தவன் தன் பெயரை மறவாதது போல. இரண்டாவது, வாங்கிய செய்திகள் தேங்கி அடைத்துக்கொண்டிருப்பின் அத்தேக்கத்தை மட்டும் துடைத்தல். மூன்றாவது, நாம் இட்ட தன்முகவரி, சேர்முகவரி, குழுவெண், தடவெண் யாவற்றையும் களைந்து, ஆலையிற் பிறந்த நிலைக்கே கூற்றைத் திருப்புதல். முதலாவது மருந்து, மூன்றாவது மறதி. மருந்து கேட்டவனுக்கு மறதியை எடுத்துக் கொடுத்தது அந்த ஒற்றைச் சொல்.

பொறியாளர்க்கு இவ்வேறுபாடு தெரியும். செய்தோர் எழுதிய முதல்நூலில் இவை வெவ்வேறு ஆணைகளாகவே உள்ளன. மறுக்கவில்லை. ஆனால் முதல்நூலா தொழிலாளியின் கைக்கு வருகின்றது? அதைச் சுருக்கி எவரோ எழுதிய இரண்டு பக்கமும், தொலைப்பேசியில் வரும் ஒரு சொல்லும்தானே வருகின்றன! இன்னொரு சிக்கலும் உண்டு. நிலைநினைவில்லாத வெறுஞ்சில்லை நிறுத்தித் தொடங்கினால் அது எல்லாவற்றையும் மறந்தே எழும். அங்கே முதலாவதும் மூன்றாவதும் ஒன்றே. மேற்சொன்ன நார்வேச் சில்லுக்கோ மீளத் தொடங்குவதற்கெனத் தனிக்காலே இல்லை. மின்னோட்டத்தை அறுத்தால்தான் உண்டு. அதனை ஆளும் சில்லை மட்டும் மீளத் தொடங்கினால், ஆள்வது புதிதாய் எழுந்து நிற்க, அலைச்சில்லு பழைய நிலையிலேயே நிற்கும். ஒரே சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் இவற்றையெல்லாம் எங்ஙனம் பிரித்தறிவான்?

அந்த மாணவி சொன்ன இரண்டு செய்திகள் என் நெஞ்சை அறுத்தன. பையன் கையாண்ட வகைக் கூற்றில், மறப்பிக்கும் ஆணை இட்டவுடன் மறதி நிலைத்துவிடுவதில்லை; நிலைப்படுத்தும் ஆணையும் இட்டால்தான் நிலைக்கும். அவ்விரண்டுக்கும் இடையே மின்னோட்டத்தை ஒருமுறை அறுத்து இணைத்திருந்தால், பழைய முகவரி தானே திரும்பியிருக்கும். அதுவும் போகட்டும். எஞ்சிய 24 பெட்டிகளும் நடுவண் பெட்டியைத்தானே அழைத்துக்கொண்டிருந்தன! அவற்றுள் ஏதேனும் ஒன்றைத் திறந்து, ‘நீ யாரை அழைக்கின்றாய், எக்குழுவில், எத்தடத்தில்?’ என்று வினவியிருந்தால், அது விடை சொல்லியிருக்கும். அவ்வெண்களை நடுவண் பெட்டிக்கு இட்டிருந்தால் கால்மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். இதைக் கேட்டுப் பையன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இவ்வளவுதானா ஐயா?” என்றான். இவ்வளவுதான், தம்பி. உன் மொழியில் ஒருவர் ஒருமுறை சொல்லியிருந்தால் இவ்வளவுதான்.

‘கலைச்சொற்கள் உலகப் பொதுவானவை, அவற்றைத் தொடாதீர்’ என்று நமக்கு அறிவுரை கூறுவோர் உளர். பல்லாண்டு கேட்டுப் புளித்த உரை. எவ்வுலகப் பொது? சீன நாட்டுச் சாங்காயில் இருந்து வரும் ‘எசுப்பிரசிஃப்’ குழுமத்தின் அலைச்சில்லு இன்று உலகெங்கும் விற்கின்றது. அதன் விளக்க நூல்களை அக்குழுமம் சீனத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகின்றது. பிறர்க்கு விற்க ஆங்கிலம். தம் பிள்ளை கற்கச் சீனம். ‘நார்வே நாட்டார் ஆங்கிலத்தில்தானே எழுதுகின்றனர்’ என்பர். எழுதட்டும். சற்றொப்ப 55 இலக்கம் மக்களே உடைய அந்நாட்டில், பிள்ளைகள் பள்ளியில் இயற்பியலை எம்மொழியிற் கற்கின்றனர் என்று கேட்டுப் பாருங்கள். தாய்மொழியிற் கற்று வளர்ந்தவன் அயல்மொழியில் விலைத்தாள் எழுதலாம். அயல்மொழியில் உருப்போட்டவன் எம்மொழியிலும் ஒன்றையும் செய்யான்; செய்தவன் செய்ததைப் பூட்டுவான். கொரியாவையும் பாருங்கள். சீன எழுத்தைச் சுமந்து வருந்திய தம் மக்கட்குப் புதிய எழுத்து வகுத்து, 1446-இல் அதனை அறிவித்தான் செசோங் மன்னன். அம்மன்னனின் எழுத்துத்தான் இன்று நம் திருப்பெரும்புதூர்ச் சாலையோரத்தில் நிற்கின்றது!

‘தமிழர்க்கு இத்தொழில் புதிது, அதனாற் சொல் இல்லை’ என்பாரும் உளர். 2006 முதல் 2014 நவம்பர் 1 வரை திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை நடந்தது. நம் சிற்றூர்ப் பெண்பிள்ளைகள் கோடிக்கணக்கான கைப்பேசிகளைப் பொருத்தி உலகுக்கு அனுப்பினர். கைப்பேசி என்பது அலை செலுத்தி வாங்கும் கருவியன்றி வேறென்ன? ஒவ்வொன்றுக்கும் 15 இலக்க அடையாள எண் உண்டு. உலகத்துக் கருவிகள் எத்தனையோ தம் அடையாளத்தைப் பெற்றுப் புறப்பட்டது நம் பெண்டிர் பணிமேடையிலிருந்து. இன்று அவ்வட்டாரத்து உயர்வகை மகிழுந்துகளின் சக்கரத்துள்ளும் காற்றழுத்தம் உணர்ந்து வானலையிற் சொல்லும் சிறு கருவி இருக்கின்றது. அதற்கும் தனியெண் உண்டு. சக்கரத்தை மாற்றினால் அவ்வெண்ணை வண்டிக்கு மீண்டும் அறிவிக்க வேண்டும். தொழில் நம் கையில் இருபதாண்டாகப் புழங்குகின்றது. புதிது என்பது கையாலாகாதவன் சாக்கு.

வானலை என்றவுடன் மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. ‘வானொலி’ என்னும் அழகிய சொல்லைத் தமிழ்மக்கள் போராடிப் பெற்றனர். 2023 மே மாதத்தில் ‘ஆகாசவாணி’ என்றே சொல்ல வேண்டும் என்று தில்லியிலிருந்து ஆணை வந்தபோது தமிழ்நாடு சினந்தெழுந்தது. எழ வேண்டியதே. ஆனால் அதே சினம், வானலைக் கருவியைக் கையிற்பிடித்து வேலைசெய்யும் தமிழ்ப்பிள்ளைக்காக ஏன் எழவில்லை? பலகையில் உள்ள பெயருக்குப் போராடுவோம். பணிமேடையில் உள்ள சொல்லுக்குப் போராட மாட்டோமா?

அரசைக் கேட்போம் எனின், அரசு சட்டத்தைக் காட்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 108-ஆம் பிரிவில், அச்சட்டப்படி ஆலையில் வைக்கவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலார்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று விதித்திருந்தது. ‘புகை பிடிக்காதீர்’ தமிழில் இருப்பதன் கமுக்கம் இதுவே போலும்! தொழிலாளி எரிந்து சாகாதிருக்கத் தமிழ் வேண்டும் என்று 1948-இலேயே உணர்ந்தார்கள். அவன் தொழிலைப் பிழையறச் செய்யத் தமிழ் வேண்டும் என்று எவரும் உணரவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியற் படிப்பைத் தொடங்கியபோதும், கட்டடப் பொறியியல், எந்திரப் பொறியியல் என்னும் இரண்டே பிரிவுகள். மின்னணுவியல் அத்தொடக்கத்தில் இல்லை. நிலமும் நீரும் மின்னும் தந்து ஆலைகளை அழைத்துவரும் அரசு, செய்முறைத் தாள் ஒவ்வொன்றும் தமிழிலும் இருத்தல் வேண்டும் என்று குத்தகைத் தாளில் ஒரு வரி சேர்த்தால் எந்த ஆலை ஓடிவிடும்? நிலத்தைத் தரும்போது கேளாத உரிமையை வேறெப்போது கேட்பது?

நம்மவரையும் விட்டுவிட இயலாது. என்னையும் சேர்த்தே சொல்கின்றேன். கலைச்சொல்லாக்கக் கூட்டங்கள் பலவற்றில் நான் அமர்ந்திருக்கின்றேன். ஆங்கில அகரமுதலியை ஒருவர் படிப்பார். நாங்கள் வேர்ச்சொல் தேடுவோம். ஒரு நாளில் நூறு சொற்கள் பிறக்கும். அப்பொருளைக் கண்ணாற் கண்டவர், கையால் தொட்டவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர்? ‘ரீசெட்’ என்பதற்கு ‘மீட்டமைப்பு’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனோம். ‘மீட்டமை’ நல்ல சொல்லே. கைப்பேசித் திரைகளில் இன்று வழங்குகின்றது. ஆயின் மூன்று வேலைக்கும் அதையே வைத்தால், ஆங்கிலத்தின் மயக்கத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதினோம் என்பதன்றி வேறென்ன செய்தோம்?

திண்ணையில் நடந்தது வேறு. முதல் வேலைக்குத் ‘துயிலெழுப்பல்’ என்று பெருமையோடு சொன்னேன். மாணவி மறுத்தார். “ஐயா, இக்கூறுகளுக்கு உறக்கநிலை என்று வேறொன்று உண்டு. மின்கலம் தீராதிருக்க அவை இடையிடையே உறங்கும். நாம் அவற்றை எழுப்புவோம். உங்கள் சொல் அதற்குத்தான் வேண்டும்.” ஒத்துக்கொண்டேன். மீள்தொடக்கம் என்று வைத்தோம். இரண்டாவதற்குத் துடைப்பு. மூன்றாவதற்கு நான் ‘பிறந்தநிலை மீட்பு’ என்றேன். அதுவரை வாய்திறவாதிருந்த பையன், “மறப்பிப்பு என்று வையுங்கள் ஐயா. ‘மறப்பிக்கவா?’ என்று பெட்டி கேட்டிருந்தால் நான் ‘வேண்டா’ என்றிருப்பேன்” என்றான். நாற்பதாண்டு இலக்கணம் படித்த எனக்கு அச்சொல் தோன்றவில்லை. வேலையை இழந்தவனுக்குத் தோன்றிற்று. மறப்பிப்பு என்றே வைத்தோம்.

பின்னர் மூவரும் அவ்விரண்டு பக்கத் தாளைத் தமிழில் மூன்று பக்கமாக எழுதினோம். முதற்பக்கத்தின் தலையிலேயே, ‘எதனையும் மாற்றுமுன் தன்முகவரி, சேர்முகவரி, குழுவெண், தடவெண் நான்கையும் ஒரு தாளில் எழுதி வை’ என்று போட்டோம். மீள்தொடக்கம் ஒரு கட்டம். துடைப்பு ஒரு கட்டம். மறப்பிப்புக்குச் சிவப்புக் கோடு சூழ்ந்த தனிக்கட்டம். பையன் அதனை எடுத்துக்கொண்டு பழைய மேற்பார்வையரிடம் சென்றான். அவரும் தமிழரே. படித்துப் பார்த்து, “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்கள் தமிழ்த் தாளை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்” என்று சொல்லித் திருப்பித் தந்தாராம். தாள் நன்றாக இருக்கின்றது. தமிழில் இருப்பதே குற்றம்! ஆய்வுக்கு வருகிறவனா இரவு மூன்று மணிக்குப் பெட்டியைத் திறக்கப் போகின்றான்?

பையன் இப்போது ஒரகடத்தில் வேறோர் இடத்தில், முன்னினும் குறைந்த கூலிக்கு வேலை செய்கின்றான். அத்தாளைத் தன் கருவிப்பெட்டியின் மூடியுள் ஒட்டி வைத்திருக்கின்றான். உடன் வேலை செய்வோர் அறுவர் படியெடுத்துச் சென்றனர் என்று போன கிழமை வந்து சொன்னான். அவர்களுள் ஒருவர் ஒடியா மொழியினர். தமக்கு ஒடிய மொழியில் எழுதித் தருமாறு கேட்டாராம். நல்ல கேள்வி. எழுதத் தெரிந்தவர் இருப்பின் எழுதித் தரட்டும்.

அவ்வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்யும் அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். தாள் வேண்டுவோர் இதழ் முகவரிக்கு எழுதினால் படி அனுப்புவோம், விலையில்லை. அதனைப் பணிமேடையில் ஒட்டுங்கள். கிழித்தால் மீண்டும் ஒட்டுங்கள். எங்கே, எந்நாளில் கிழிக்கப்பட்டது என்றும் எழுதுங்கள். எங்கட்கும் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. இரு கூறுகளை ஒன்றையொன்று அறியச் செய்வதை ஆலையில் ‘பேரிங்’ என்கின்றனர். மாணவி ‘இணைகோள்’ என்கின்றார். பையன் ‘அறிமுகம்’ என்கின்றான். எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. கையால் அவ்வேலையைச் செய்வோர், தங்களுக்குள் அதனை என்ன சொல்லிப் பேசிக்கொள்கின்றீர்கள் என்பதை அடுத்த இதழுக்குள் எழுதுக.